ஐரோப்பிய முகவுரையில் ‘கிறிஸ்தவம்’ என்ற சொல் இருந்திருக்க வேண்டுமா?

ரைன்கரை:

வணக்கம். போன வாரம் அலுவலகத்தில் மதிய உணவின்போது ஒரு போலந்துக்காரரும் ஒரு பிரெஞ்சுக்காரரும் இருபது வருடப் பழைய சண்டை ஒன்றை மறுபடி எடுத்தார்கள். அவர்கள் சாப்பிட்டு எழுந்து போய்விட்டார்கள். எனக்குத்தான் அது மனதை விட்டுப் போகவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2002, 2003 ஆண்டுகளில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அரசியல் சாசனம் எழுத ஒரு மாநாடு கூடியது. பிரான்சின் முன்னாள் அதிபர் ஜிஸ்கார் தெஸ்தான் அதன் தலைவர். 2003 மே மாதம் வெளிவந்த முகவுரை வரைவில் கிரேக்க, ரோம நாகரிகங்கள் பெயரோடு இருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் அறிவொளிக் காலத் தத்துவமும் பெயரோடு இருந்தது. இடையில் இருந்த ஆயிரத்துச் சொச்ச ஆண்டுகளைக் காணோம். போலந்து, இத்தாலி, ஸ்பெயின், மால்டா போன்ற நாடுகள் கிறிஸ்தவத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும் என்றன. போப் இரண்டாம் ஜான் பாலும் வற்புறுத்தினார். பிரான்சும் பெல்ஜியமும் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் எல்லாப் பெயர்களையும் எடுத்துவிட்டு, “ஐரோப்பாவின் பண்பாட்டு, சமய, மனிதநேய மரபிலிருந்து ஊக்கம் பெற்று” என்று பொதுவாக எழுதினார்கள். 2005இல் பிரான்சு, நெதர்லாந்து வாக்காளர்கள் அந்தச் சாசனத்தையே நிராகரித்தாலும், அந்த வரி மட்டும் தப்பி, 2009 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் ஒப்பந்தத்தில் ஏறிவிட்டது.

கிறிஸ்தவம் என்ற சொல் அதில் இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. நான் கிறிஸ்தவள் இல்லை. கும்பகோணத்துச் சைவக் குடும்பம், பதினொரு வருடமாக டூசல்டோர்ஃபில் வேலை. சோழர் காலத் தஞ்சையைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னால் பாசனத்தைச் சொல்லலாம், கடற்படையைச் சொல்லலாம். சிவனைச் சொல்லாமல் விட்டால் அது தஞ்சையாகுமா? கடவுள் நம்பிக்கை இல்லாதவர் எழுதினாலும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

இங்கே வந்த புதிதில் எனக்குப் புரியாமல் இருந்தது ஞாயிற்றுக்கிழமைதான். பால் வாங்கக்கூடக் கடை இல்லை. அப்புறம் தெரிந்துகொண்டேன்: உடல் ஓய்வுக்கும் உள்ளத்தின் உயர்வுக்கும் ஞாயிறு காக்கப்படும் என்று 1919 வைமர் சாசனத்தின் 139ஆம் பிரிவு சொன்னதை இன்றைய ஜெர்மன் அடிப்படைச் சட்டம் அப்படியே வைத்திருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்கலாம் என்று பெர்லின் சட்டம் கொண்டுவந்தபோது திருச்சபைகள் வழக்குத் தொடுத்தன. 2009 டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த அனுமதியைச் செல்லாது என்றது. அந்த ஓய்வு இன்று கல்லாவில் உட்காரும் துருக்கியப் பெண்ணுக்கும் கிடைக்கிறது, எனக்கும் கிடைக்கிறது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டாமா? ஒன்றியத்தைத் தொடங்கிவைத்த பிரான்சின் ஷூமான், ஜெர்மனியின் அடனாவர், இத்தாலியின் தெ காஸ்பெரி மூவரும் கோவிலுக்குப் போகும் கத்தோலிக்கர்கள். அவர்கள் கட்டிய வீட்டின் வாசலில் அவர்களுடைய நம்பிக்கைக்கு ஒரு சொல் இடம் கூடவா இல்லை?

பரிஸ் குமரன்:

வணக்கம். நிதானமாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் நானும் நிதானமாகவே பதில் சொல்லப் பார்க்கிறேன். ஆனால் இது எனக்கு வெறும் சொல் பற்றிய விஷயம் இல்லை.

நான் யாழ்ப்பாணம். 1991 முதல் பரிஸ் பக்கம் இருக்கிறேன். 1972இல் இலங்கை குடியரசானபோது எழுதிய சாசனத்தில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்று ஒரு வரி வைத்தார்கள். மற்ற மதங்களுக்கான உரிமைகள் காக்கப்படும் என்றும் அதே வரியில் சேர்த்தார்கள். 1978 சாசனத்தில் அது 9ஆம் பிரிவாகி இன்றுவரை இருக்கிறது. அந்த வரி எழுந்து வந்து எங்களை அடிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பிறந்த மண்ணிலேயே விருந்தாளியின் நிலைக்கு வந்தோம். விருந்தாளியை வீட்டுக்காரர் நன்றாகவும் நடத்தலாம், மோசமாகவும் நடத்தலாம். எப்படி நடத்தினாலும் முடிவு அவருடைய கையில். ஒரு நாட்டின் சாசனத்தில் ஒரு மதத்தின் பெயரைக் கண்டால் எனக்கு வயிறு கலங்குவது இதனால்தான்.

வரலாற்றுப் புத்தகத்தில் கிறிஸ்தவத்தைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதுங்கள், வரி விடாமல் வாசிப்பேன். சாசனம் வரலாற்றுப் புத்தகம் இல்லை. இந்த வீடு யாருடையது என்று சொல்லும் உறுதிப்பத்திரம் அது. ஜிஸ்கார் தெஸ்தான் 2002 நவம்பரில் என்ன சொன்னார் என்று பாருங்கள். துருக்கி ஐரோப்பிய நாடு அல்ல, அதைச் சேர்த்தால் ஒன்றியத்தின் கதை முடிந்தது என்றார். அவரே கிறிஸ்தவம் என்ற சொல்லை உள்ளே விடவில்லை என்பது வேறு கதை. ஆனால் அந்தச் சொல்லுக்காகக் குரல் கொடுத்தவர்களில் பலர் அப்போது துருக்கியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். துருக்கியை விடுங்கள். அல்பேனியாவிலும் பொஸ்னியாவிலும் பல நூற்றாண்டுகளாக முஸ்லிம்கள் வாழ்கிறார்கள். அவர்கள் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் இல்லை, அந்த மண்ணின் பிள்ளைகள். அவர்களிடம் இந்த முகவுரையை எப்படி வாசித்துக் காட்டுவீர்கள்?

தந்தையர் என்று மூவரைச் சொன்னீர்கள். முசோலினி சிறைவைத்த வெந்தோதெனே தீவில் 1941இல் ஒன்றுபட்ட ஐரோப்பாவுக்கான அறிக்கையை எழுதிய ஸ்பினெல்லி நம்பிக்கையாளர் இல்லை, முன்னாள் கம்யூனிஸ்ட். பெல்ஜியத்தின் ஸ்பாக் சோசலிஸ்ட். பிரசல்ஸில் ஐரோப்பிய நாடாளுமன்றக் கட்டடங்களுக்கு இந்த இருவரின் பெயர்களையும்தான் வைத்திருக்கிறார்கள்.

ரைன்கரை:

குமரன் அண்ணா, 1972 பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அந்த வலியோடு வாதாட எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ‘முதன்மை இடம்’ தருவதும் ‘இங்கிருந்து வந்தோம்’ என்று சொல்வதும் ஒன்றில்லையே. முதலாவது அதிகாரம் தருகிறது. இரண்டாவது நினைவை வைத்துக்கொள்கிறது.

போலந்தின் 1997 சாசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உண்மை, நீதி, நன்மை, அழகு இவற்றின் ஊற்றாகக் கடவுளை நம்புகிறவர்களும், அந்த நம்பிக்கை இல்லாமல் அதே விழுமியங்களை வேறு ஊற்றுகளிலிருந்து பெறுகிறவர்களும் சேர்ந்தே போலந்து மக்கள் என்று அதன் முகவுரை சொல்கிறது. அடுத்துத்தான், தேசத்தின் கிறிஸ்தவ மரபிலும் மனிதகுலப் பொது விழுமியங்களிலும் வேரூன்றிய பண்பாடு என்று வருகிறது. அந்த முதல் வாக்கியத்துக்கு வழிகாட்டிய மசோவியெத்ஸ்கி, கம்யூனிச ஆட்சிக்குப் பிறகு முதல் பிரதமரான கத்தோலிக்கர். நம்பாதவருக்கும் சமமான இருக்கையைப் போட்டுவிட்டுத் தன் நம்பிக்கையைச் சொன்னவர். அது உங்களை விருந்தாளி ஆக்குகிறதா?

டென்மார்க் சாசனத்தின் 4ஆம் பிரிவு லூத்தரன் திருச்சபையை நாட்டின் திருச்சபை என்றும் அரசு அதை ஆதரிக்கும் என்றும் சொல்கிறது. அங்கே சுதந்திரம் செத்துவிடவில்லை. உங்கள் பிரான்சிலேயே அல்சாஸ், மோசல் பகுதிகளில் இன்றும் பாதிரியார்களுக்கும் யூத ரபிகளுக்கும் அரசுதான் சம்பளம் தருகிறது. 1905இல் அரசையும் திருச்சபையையும் பிரிக்கும் சட்டம் வந்தபோது அந்தப் பகுதி ஜெர்மனியிடம் இருந்ததால் பழைய ஏற்பாடே தொடர்கிறது. எங்கே சொல் இருக்கிறது என்பதைவிட அதைச் சுற்றி எந்த மாதிரி நாடு இருக்கிறது என்பதுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மணப்பாட்டுக்காரன்:

தங்கச்சி ரைன்கரைக்கும் தம்பி குமரனுக்கும் வணக்கம். நான் கத்தோலிக்கன். தூத்துக்குடிக் கடற்கரை. எங்கள் பரதவர் குலம் 1530களில் ஞானஸ்நானம் பெற்றது, சவேரியார் 1542இல் எங்கள் கரைக்கு வந்தார். நான் தங்கச்சி பக்கம் நிற்பேன் என்று எல்லாரும் எதிர்பார்ப்பீர்கள். நான் நிற்கவில்லை. எனக்கான காரணம் வேறு.

ஐரோப்பாவின் அடையாளம் கிறிஸ்தவம் என்று சொன்னவுடனே கிறிஸ்தவம் ஐரோப்பாவுடையது என்றும் ஆகிவிடுகிறது. ஐரோப்பாவிலேயே கடைசியாக மனம் மாறிய அரசு லித்துவேனியா, 1387இல். அதற்கு எட்டு நூற்றாண்டு முன்பே, ஆறாம் நூற்றாண்டில், காஸ்மாஸ் என்ற அலெக்சாந்திரியாக்காரர் மலபாரில் கிறிஸ்தவர்கள் இருப்பதாக எழுதிவைத்துவிட்டார். எத்தியோப்பியா, ஆர்மீனியா, சிரியா, எகிப்து எல்லாம் ஜெர்மனியின் பாதிக்கும் மேல் காட்டுத் தெய்வங்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே திருப்பலி கண்ட நாடுகள். அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் தமிழில் அச்சானது 1578இல். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் என்னை ‘வெள்ளைக்காரன் சாமியைக் கும்பிடுகிறவன்’ என்று கூப்பிட்டவர்கள் உண்டு. ஐரோப்பா அந்த முகவுரையில் கையெழுத்துப் போட்டால் அந்தப் பிள்ளைகள் சொன்னது சரியென்று முத்திரை குத்திய மாதிரி ஆகும். எனக்கு அது நெஞ்சில் தைக்கிறது.

இன்னொன்று. நம்பிக்கையை மரபு ஆக்குவது நல்ல காரியமா? 2018இல் பவேரியா முதல்வர் சூடர், எல்லா மாநில அரசு அலுவலக வாசலிலும் சிலுவை மாட்ட உத்தரவிட்டார். அது பவேரியப் பண்பாட்டின் அடையாளம் என்றார். எதிர்த்தவர் யார்? மூனிக் பேராயர் கர்தினால் மார்க்ஸ். சிலுவையை வெறும் பண்பாட்டு அடையாளமாகப் பார்த்தால் சிலுவை என்னவென்றே புரியவில்லை என்று அர்த்தம் என்றார். நான் அவர் பக்கம்.

இத்தாலியில் ஒரு தாய், வகுப்பறையில் சிலுவை வேண்டாம் என்று ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றம்வரை போனார். 2009இல் ஏழு நீதிபதிகளும் அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். மேல் அமர்வு 2011இல் 15க்கு 2 என்று அதைப் புரட்டிப்போட்டது. சிலுவை மாட்டியிருக்கலாம் என்று ஆனது. எங்கள் ஊரில் பட்டாசு வெடிக்காத குறை. ஆனால் காரணத்தைப் படித்தேன். சிலுவை அடிப்படையில் ‘செயலற்ற’ ஒரு சின்னம், அதனால் பிள்ளைகளைப் பாதிக்காது என்கிறது தீர்ப்பு. நாங்கள் புயலில் வள்ளத்தில் போகும்போது பிடித்துக்கொள்ளும் சிலுவை அது. செயலற்றது என்று சொல்லிக் காப்பாற்றப்பட்ட சிலுவை எனக்கு வேண்டாம்.

ஏடும் எழுத்தும்:

நண்பர்களே, உணர்ச்சி ஒருபக்கம் இருக்கட்டும். அந்தச் சொல்லைக் கேட்பவர்கள் சொல்லும் வரலாறே சரியா என்று பார்க்கலாம். மனித உரிமையும் மக்களாட்சியும் கிறிஸ்தவ மரபின் கனிகள் என்பது இந்தக் கோரிக்கையின் உட்கிடை.

1864இல் போப் ஒன்பதாம் பயஸ் ‘பிழைகளின் பட்டியல்’ ஒன்றை வெளியிட்டார். அதில் 80 கூற்றுகள். கடைசிக் கூற்று இது: போப் முன்னேற்றத்தோடும் தாராளவாதத்தோடும் நவீன நாகரிகத்தோடும் சமரசமாகலாம், ஆக வேண்டும். இது பிழை என்று அவர் அறிவித்தார். மனசாட்சி சுதந்திரத்தை ஒவ்வொருவரின் உரிமையாகக் கத்தோலிக்கத் திருச்சபை முழுமனதாக ஏற்றது 1965இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில்தான். நூறு வருட இடைவெளி. தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியல் 1966வரை இருந்தது. இந்த விழுமியங்களில் பலவற்றை ஐரோப்பியர்கள் திருச்சபையின் கையிலிருந்து பிடுங்கித்தான் பெற்றார்கள். பிடுங்கப்பட்டவர் பெயரைக் கொடுத்தவர் பெயராக எழுதச் சொல்வது நியாயமில்லை.

அப்புறம், நடுக்கால ஐரோப்பா தனியாக வளர்ந்ததும் இல்லை. இத்தாலியரான கிரெமோனாவின் ஜெரார்ட், தாலமியின் வானியல் நூலைத் தேடி ஸ்பெயினின் தொலேதோ நகருக்குப் போனார். அங்கே அது அரபியில் கிடைத்தது. 1175 வாக்கில் அதை இலத்தீனுக்குக் கொண்டுவந்தார். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் அரிஸ்டாட்டிலைப் படித்தவர்கள் கோர்தோபாவின் இப்னு ருஷ்தின் உரையை வைத்துக்கொண்டு படித்தார்கள். ‘உரையாசிரியர்’ என்று சொன்னாலே அவர்தான், நமக்கு இளம்பூரணரைப் போல. கிறிஸ்தவம் என்று எழுதினால் இவர்களை எங்கே எழுதுவது? யூதர்களை எங்கே எழுதுவது? 1290இல் இங்கிலாந்திலிருந்தும் 1492இல் ஸ்பெயினிலிருந்தும் அவர்களைத் துரத்தியதும் அந்தக் கிறிஸ்தவ மரபில்தானே நடந்தது?

ரைன்கரை:

ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல வேண்டும். முதலில் ஏடும் எழுத்தும் ஐயாவுக்கு.

தாலமியையும் இப்னு ருஷ்தையும் சேர்த்தே எழுதலாமே ஐயா, நான் வேண்டாம் என்று எங்கே சொன்னேன்? பாக்தாதில் கேலனின் மருத்துவ நூல்களை மொழிபெயர்த்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் நெஸ்தோரியக் கிறிஸ்தவர். முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பிரிக்கும் கோடும் நீங்கள் நினைப்பதுபோல நேராக ஓடவில்லை. துரத்தல்களையும் மறைக்க வேண்டாம். மரபு என்றால் புகழ்ச்சி மட்டும் என்று ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள்? ஒருவரை அவருடைய பெயரால் அழைத்தால்தான் அவர் செய்த தவறுக்கும் பதில் கேட்க முடியும். ‘சமய மரபு’ என்று மூடி எழுதினால் 1492க்கு யாரிடம் கேட்பது?

பிடுங்கினார்கள் என்கிறீர்கள். பிடுங்கியவர்கள் யார்? அமெரிக்கப் பழங்குடிகளும் முழு மனிதர்களே என்று 1550இல் ஸ்பெயினின் வய்யதோலிதில் அரசனின் சபை முன் வாதாடிய லாஸ் காஸாஸ் தொமினிக்கத் துறவி. எதிர்த்து வாதாடிய செபுல்வெதாவும் பாதிரியார்தான். இரண்டு பேரும் ஒரே வேதத்தைக் கையில் வைத்திருந்தார்கள். இது வீட்டுக்குள் நடந்த சண்டை, அந்த வீட்டின் பெயரைத்தான் நான் கேட்கிறேன். சமத்துவம் என்ற எண்ணமே யூதத்தின் நீதியறத்திலிருந்தும் கிறிஸ்தவத்தின் அன்பறத்திலிருந்தும் நேராக வந்தது என்று சொன்ன ஜெர்மன் தத்துவஞானி ஹாபர்மாஸ் நம்பிக்கையாளர் இல்லை. 1989 அக்டோபர் 9 அன்று, கம்யூனிச ஆட்சியில் இருந்த கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக்கில் 70,000 பேர் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் கூடிக் கிளம்பிய இடங்களில் முதன்மையானது நிகோலாய் தேவாலயம். உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் பலருக்கு ஜெபம் சொல்லவே தெரியாது. அந்த நாட்டில் பேசுவதற்கு வேறு கூரை இருக்கவில்லை.

மணப்பாட்டு அண்ணாச்சிக்கு: நீங்கள் சொன்ன அந்த இத்தாலிய வழக்கில், மேல் அமர்வில் எட்டு நாடுகளின் சார்பில் சிலுவைக்காக வாதாடியவர் சட்டப் பேராசிரியர் ஜோசப் வைலர். அவர் பக்தியுள்ள யூதர். யூதர்களின் சிறு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டே நீதிமன்றத்தில் நின்றார். வெறும் சுவரும் நடுநிலை இல்லை, அதுவும் ஒரு பக்கம் சாய்வதுதான் என்றார். என் மனதை மாற்றியது அந்த வாதம்தான். முன்பு நானும் குமரன் அண்ணா மாதிரிதான் பேசிக்கொண்டிருந்தேன்.

பேர்கன் மழை:

இந்தத் திரியை முதல் நாளிலிருந்து வாசிக்கிறேன். நோர்வே இதைச் செய்து பார்த்துவிட்டது, அதை ஒருவரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

2012இல் இங்கே சாசனத்தைத் திருத்தினார்கள். லூத்தரன் மதம் அரசின் மதம் என்ற பழைய வரியை எடுத்தார்கள். அந்த 2ஆம் பிரிவிலேயே, எங்கள் கிறிஸ்தவ, மனிதநேய மரபே தொடர்ந்தும் நாட்டின் விழுமிய அடித்தளம் என்று எழுதினார்கள். ரைன்கரை அக்கா கேட்கும் வரி கிட்டத்தட்ட இதுதான். பிள்ளைகளின் பள்ளிச் சட்டத்தில் அதற்கு முன்பே, 2008இல், அதே சொற்கள் வந்துவிட்டன.

அதற்குச் சற்று முன் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1997இல் பள்ளிகளில் கிறிஸ்தவத்தை முதன்மையாக வைத்த ஒரு சமயப் பாடத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயமாக்கினார்கள். முழுதாக விலக்குப் பெற முடியாது, சில பகுதிகளுக்கு மட்டும் காரணம் சொல்லிக் கேட்கலாம். சமய நம்பிக்கை இல்லாத சில பெற்றோர் வழக்காடினார்கள். 2007இல் ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் 9க்கு 8 என்று பெற்றோர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மரபைத் தெரிந்துகொள்ளத்தான் பாடம் என்று தொடங்கி, அது எங்கே போய் நின்றது பாருங்கள். கெட்ட எண்ணத்தில் செய்ததாக நான் நினைக்கவில்லை. நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். என் கவலையே அதுதான்.

போன மாதம் என் மகள் சாசனத்தின் அந்தப் பிரிவைப் பாடத்துக்காகப் படித்தாள். அம்மம்மாவுக்குத் தமிழில் சொல்லித் தருமாறு கேட்டாள். முதல் சொல்லிலேயே எனக்கு நின்றுவிட்டது. நோர்வேஜிய மொழியில் ‘வோர்’ என்று ஒரே சொல்தான். தமிழில் அதை ‘எங்கள்’ என்று சொல்வதா, ‘நமது’ என்று சொல்வதா? மேலே நான் எழுதும்போது ‘எங்கள்’ என்றே விழுந்தது, இப்போதுதான் கவனித்தேன். மகள் இங்கே பிறந்தவள். அவள் ‘நமது’ என்றுதான் சொன்னாள், யோசிக்கவே இல்லை.

பரிஸ் குமரன்:

பேர்கன் தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று முழுக்க அந்த இரண்டு சொற்களையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

2019 ஏப்ரல் 15 மாலை. வேலை முடிந்து வரும் வழியில் செய்தி கேட்டு நோத்ர தாமுக்கு எதிர்க் கரைக்குப் போனேன். கோபுர முனை விழுந்தபோது அங்கே நின்ற சனம் எழுப்பிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சிலர் முழங்காலில் இருந்து மரியாள் பாட்டுப் பாடினார்கள். எனக்கும் கண்ணீர் வந்தது. நான் சைவன், அந்தப் பாட்டில் ஒரு வரியும் எனக்குத் தெரியாது. அன்றைக்கு அது ‘நமது’ கோவிலாகத்தான் இருந்தது. 1905 சட்டத்தால் அந்தக் கட்டடமே அரசின் சொத்து, அதாவது வரி கட்டும் எல்லாருடைய சொத்து. 2024 டிசம்பரில் திறந்தபோது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கிறிஸ்தவம் என்ற சொல்லே இல்லாத ஒரு சாசனத்தின் கீழ்தான் இது எல்லாம் நடந்தது. பிரெஞ்சுக் குடியரசு அந்தச் சொல்லை எழுதி வைத்திருந்தால் அன்று கரையில் நின்றபோது நான் ‘அவர்களுடைய’ கோவில் எரிகிறது என்று நினைத்திருப்பேனோ என்னவோ.

வைலர் வாதம் எனக்கும் தெரியும். வெறும் சுவர் நடுநிலை இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெறும் சுவரில் நாளைக்கு இன்னொன்றை மாட்டலாம். மாட்டிய சுவரில் இருந்து ஒன்றைக் கழற்றுவது சண்டையில்தான் முடியும்.

மணப்பாட்டுக்காரன்:

தம்பி, நோத்ர தாம் பற்றி எழுதியதற்கு நன்றி. திறந்த அன்று நான் தொலைக்காட்சியில் பார்த்தேன். இங்கே நடுராத்திரி. மனைவியை எழுப்பிக் காட்டினேன்.

தங்கச்சி சொன்ன ஒன்றை மட்டும் ஏற்கிறேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் தவறுக்குக் கணக்குக் கேட்க முடியும் என்பது சரி. இதுவரை நான் அப்படி யோசித்ததில்லை. ஆனால் அந்தப் பெயரைக் கேட்பவர்களில் எத்தனை பேர் கணக்குக் கொடுக்க அதைக் கேட்டார்கள்?

ரைன்கரை:

அண்ணாச்சி, குறைவுதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மற்றவர்கள் எதற்குக் கேட்டார்கள் என்பதற்காக நான் கேட்பதை விட்டுவிட முடியவில்லை.

டூசல்டோர்ஃபிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் கெவலார் என்ற சின்ன ஊர். 1642 முதல் மாதாவைத் தேடி ஜனங்கள் நடந்து வரும் இடம். ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஒரு சனிக்கிழமை அந்த ஊர் முழுக்கத் தமிழ் கேட்கும். ஈழத் தமிழர்கள் பல நாடுகளிலிருந்தும் வருகிறார்கள். பாதி தெரு பட்டுச்சேலை, தமிழில் திருப்பலி. வருகிறவர்களில் ஏராளமானவர்கள் இந்துக்கள். மடு மாதாவிடம் வைத்த நேர்த்தியை இங்கே வந்து தீர்க்கிறோம் என்று ஓர் அம்மா என்னிடம் சொன்னார். அதே அம்மா தேர்த்திருவிழாவுக்கு ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோவிலுக்கும் போகிறவர். ஜெர்மன்காரர்கள் வாரத்துக்கு வாரம் திருச்சபையிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டிருக்கும் காலத்தில் அந்த மெழுகுவர்த்தி அணையாமல் இருப்பதில் இந்த அம்மாமாருக்கும் பங்கு இருக்கிறது. இதை நான் ‘கிறிஸ்தவ மரபு’ என்றுதான் சொல்வேன். வேறு சொல்லால் சொன்னால் அந்த அம்மாவுக்கே புரியாது.

சரி, வாக்கியத்தை நானே எழுதிப் பார்த்தேன். இதை வைத்துச் சண்டை போடுவோம்: “நம்புகிறவர்களும் நம்பாதவர்களுமான நாம், கிரேக்கமும் ரோமும் யூதமும் கிறிஸ்தவமும் இஸ்லாமும் அறிவொளிக் காலமும் இந்தக் கண்டத்தில் விட்டுச்சென்ற நன்மையையும் காயத்தையும் நினைவில் கொண்டு...”

ஏடும் எழுத்தும்:

‘காயம்’ என்ற சொல்லை ஏற்கும் அரசு ஒன்றுகூட இருக்காது. ஆனால் அது இருந்தால் நான் கையெழுத்துப் போடுவேன். எண்பது கூற்றுகளையும் மறந்துவிட்டல்ல, அவற்றை நினைவில் வைத்துக்கொண்டே.

பரிஸ் குமரன்:

நான் இன்னும் போட மாட்டேன். ஆறு பெயர் எழுதினால் ஏழாவது ஆளுக்கு என்ன பதில்? ரொமா மக்கள் ஐரோப்பாவுக்கு வந்து அறுநூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. உங்கள் வாக்கியத்தில் அவர்கள் எங்கே? பட்டியல் என்றாலே யாரோ வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள் என்று அர்த்தம். ‘நாம்’ என்று தொடங்கியது நன்றாக இருக்கிறது. அந்தச் சொல்லோடு நிறுத்திவிட்டு, அடுத்து உரிமைகளை எழுதத் தொடங்குங்கள்.

கெவலார் பற்றி ஒன்று. என் அம்மா உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு வருடமும் பரிஸிலிருந்து பஸ் பிடித்து அங்கே போனவர். நான் ஒரு முறையும் கூடப் போனதில்லை. அந்த ஆகஸ்ட் சனிக்கிழமை எந்தத் தேதி என்று தெரிந்தால் சொல்லுங்கள். வாதம் அங்கேயும் தொடரலாம்.